ஷாக்கர் சைக்கிளா, ஷாக்கர் இல்லாத சைக்கிளா? தூரம் போகிற பெண்கள் எதை வாங்கலாம்?



நம்மில் பலருக்குத் தினமும் தூரம் போக வேண்டிய வேலை இருக்கிறது. கூட்டமைப்புக் கணக்காளர் ஊர் ஊராகப் போய் நோட்டுப் புத்தகம் பார்க்க வேண்டும். ஊக்குநர் வங்கிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். தையல் வேலை செய்கிறவர் துணி மூட்டையோடு டவுனுக்குப் போய் வர வேண்டும். 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெரிய உதவிதான். ஆனால் பஸ் வராத ஊரும் உண்டு, பஸ் இல்லாத நேரமும் உண்டு. மெயின் ரோட்டில் இறங்கி நாலு கிலோமீட்டர் நடக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு சைக்கிள்தான் கை கொடுக்கும்.

சைக்கிள் வாங்கக் குழுவில் உள்கடன் கேட்கிறோம். குழுவும் கொடுக்கிறது. ஆனால் எந்த சைக்கிள் என்று யார் முடிவு செய்கிறார்கள்? பல வீடுகளில் பையன் முடிவு செய்கிறான். இல்லையென்றால் கடைக்காரர், "இந்த மாடல்தாங்க இப்ப ஓடுது" என்று சொல்வதை வாங்கி வருகிறோம். கடனைக் கட்டுவது நாம். முட்டி வலிப்பதும் நமக்குத்தான். ஆறு மாதத்தில் சைக்கிள் திண்ணையில் சாய்ந்து கிடக்கும், இல்லாவிட்டால் பையனோடு போய்விடும். நாம் பழையபடி நடப்போம். இப்படி ஆகாமல் இருக்க, வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

புதுக்கோட்டைப் பெண்கள் காட்டிய வழி

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கொஞ்ச காலத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பெண்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு வசதியையும் கண்டுபிடித்தார்கள். நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

பெயர் லேடீஸ் சைக்கிளா, ஜென்ட்ஸ் சைக்கிளா என்று அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் வேலைக்கு எது உதவும் என்று பார்த்தார்கள். நாமும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் நிற்கும் இரண்டு சைக்கிள்

இப்போது கடைக்குப் போனால் குண்டு டயர் போட்ட சைக்கிள்கள்தான் வரிசையாக நிற்கின்றன. 'எம்.டி.பி.' என்பார்கள். மலைப் பாதை சைக்கிள் என்று அர்த்தம். 1970-களில் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பக்கம், மலை மண் பாதையில் பழைய குண்டு டயர் சைக்கிளை ஓட்டி விளையாடியதில் பிறந்த வகை இது. இதிலேயே பெண்களுக்கான மாடல்களும் வருகின்றன. நடுக்கம்பி தாழ்ந்து இருக்கும்.

பெண்களுக்கான எம்.டி.பி.யில் இரண்டு வகையை எடுத்துக்கொள்வோம்.

முதல் சைக்கிள்: முன்னாலும் பின்னாலும் ஷாக்கர். 21 கியர். டிஸ்க் பிரேக். பார்க்க பைக் மாதிரி இருக்கும். கேரியர் இருக்காது, மட்கார்டு சின்னதாக இருக்கும்.

இரண்டாவது சைக்கிள்: ஷாக்கர் இல்லை. பின்னால் மட்டும் 7 கியர். ரிம்மைப் பிடிக்கிற பிரேக். இதைக் கடையில் 'பவர் பிரேக்' என்பார்கள். கேரியர், முழு மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் உண்டு, அல்லது மாட்டிக்கொள்ளலாம். பார்க்கக் கொஞ்சம் சாதாரணமாக இருக்கும்.

விலை கூடியது நல்லது, 21 கியர் 7 கியரை விட மூணு மடங்கு நல்லது என்று தோன்றும். அது உண்மையா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஷாக்கர் என்ன செய்யும்?

பள்ளம் மேட்டில் விழும்போது ஷாக்கர் அதிர்ச்சியைக் குறைக்கும். அது நல்லதுதான். ஆனால் அது பள்ளத்தில் மட்டும் அமுங்குவதில்லை. நாம் பெடலை ஓங்கி மிதிக்கும்போதும் அமுங்கும். சீட்டு மேலும் கீழும் ஆடும். நாம் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் ஸ்பிரிங்கை அமுக்குவதில் வீணாகும். 2 கிலோமீட்டர் போனால் இது தெரியாது. தினம் 20 கிலோமீட்டர் போகிறவருக்குத் தெரியும்.

இன்னொன்று, எடை. ஸ்பிரிங், கூடுதல் இரும்பு, ஜாயின்ட் எல்லாம் சேர்ந்து வண்டியின் எடை ஏறும். கடையில் இரண்டு சைக்கிளையும் ஒரு தடவை கையால் தூக்கிப் பாருங்க. வாசற்படி ஏற்றவும், ரயில்வே கேட் பக்கம் தூக்கிக் கடக்கவும் நாம்தானே தூக்க வேண்டும்?

போட்டிகளில் ஓட்டும் சைக்கிளிலும் ஷாக்கர் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் விலை பல மடங்கு. தேவையில்லாத இடத்தில் அதைப் பூட்டி வைக்கும் வசதியும் அதில் உண்டு. குறைந்த விலை சைக்கிளில் வருவது வெறும் ஸ்பிரிங். மண்ணும் தண்ணியும் பட்டு நாளாக நாளாக இறுகிவிடும், அல்லது லொடலொட என்று ஆட ஆரம்பிக்கும். ஊர்க் கடையில் அதைப் பிரித்துச் சரி செய்வது கஷ்டம்.

அப்படியானால் குலுக்கலுக்கு என்ன வழி? குண்டு டயரே பாதி ஷாக்கர் வேலையைச் செய்துவிடும். மீதியைப் பள்ளம் வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையையும் முட்டியையும் மடக்கி நாமே வாங்கிக்கொள்ளலாம். பழகினால் இது தானாக வரும்.

கேரியர் வேணுமா?

நம் பெண்கள் வெறுங்கையோடு எங்கே போகிறோம்? நோட்டுப் பை, துணி மூட்டை, பால் கேன், ரேஷன் அரிசி என்று ஏதாவது இருக்கும்.

பின்னால் ஷாக்கர் இருக்கும் சைக்கிளில் பின்சக்கரப் பகுதி தனியாக மேலும் கீழும் அசையும். அதனால் சாதாரண கேரியரை அதில் உறுதியாக மாட்ட முடியாது. சீட்டுக் கம்பியில் மட்டும் பிடிக்கிற சின்ன கேரியர் கிடைக்கும். அதில் லேசான பைதான் வைக்கலாம். மூட்டை வைத்தால் ஒரு பக்கம் சாயும். சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். இரண்டாவது சைக்கிள்தான் சரி.

21 கியர் என்றால் 21 வேகமா?

இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம், கஷ்டமான கணக்கு இல்லை.

முன்னால் பெடலோடு சுற்றுவது பெரிய பல்சக்கரம். பின்னால் இருப்பது சின்னப் பல்சக்கரங்கள். முன் பல்லின் எண்ணிக்கையைப் பின் பல்லின் எண்ணிக்கையால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது தெரியும். 26 இஞ்ச் குண்டு டயர் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் போகும்.

பழைய கியர் இல்லாத சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது வழக்கமான அளவு. பெடல் ஒரு சுற்றுக்கு சுமார் 5 மீட்டர் போகும்.

நம் இரண்டாவது சைக்கிளில் முன்னால் 42 பல், பின்னால் 14-லிருந்து 28 வரை என்று வைத்துக்கொள்வோம். மிகக் கனமான கியரில் ஒரு சுற்றுக்கு சுமார் 6 மீட்டர். மிக லேசான கியரில் சுமார் 3 மீட்டர்.

முதல் சைக்கிளில் முன்னால் மூன்று சக்கரம். 42, 34, 24 பல். பின்னால் அதே 14 முதல் 28. மிகக் கனமான கியரில் அதே 6 மீட்டர்தான்! மிக லேசான கியரில் மட்டும் 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

கவனித்தீர்களா? இரண்டுக்கும் மேல் வேகம் ஒன்றுதான். வித்தியாசம் கீழே மட்டும்தான். நடுவில் இருக்கும் கியர்களில் பல ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். முன்னால் 24, பின்னால் 16 போட்டாலும், முன்னால் 42, பின்னால் 28 போட்டாலும் கிடைப்பது ஒரே ஒன்றரை சுற்றுதான்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை கியர்?" என்பது இல்லை. "என் பாதையில் அந்த 2 மீட்டர் கியர் தேவைப்படுகிற அளவுக்கு மேடு இருக்கா?" என்பதுதான்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கம் சமதளம். அங்கே 7 கியரே அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏற்ற இறக்கம் உண்டு. அங்கே முன்னால் 42 பல்லுக்குப் பதிலாக 34 அல்லது 36 பல் போட்ட 7 கியர் சைக்கிள் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். ஜவ்வாது மலை, கொல்லிமலை, ஏற்காடு போன்ற மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு முன்னால் மூன்று சக்கரம் உண்மையிலேயே உதவும்.

காற்றையும் மறக்க வேண்டாம். தென்காசி, தேனி, உடுமலை, பொள்ளாச்சி பக்கம் ஆடிக் காற்றில் எதிர்த்து மிதிப்பது மேடு ஏறுவது மாதிரிதான். அங்கே லேசான கியர் ஒன்று கட்டாயம் வேணும்.

கியர் சைக்கிள் புதிதாக வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மிதித்துக்கொண்டே இருக்கும்போதுதான் கியர் மாற்ற வேண்டும். மேட்டுக்கு நடுவில் திணறும்போது மாற்றாமல், மேடு வருவதற்கு முன்பே மாற்ற வேண்டும். இல்லையென்றால் செயின் கழன்றுவிடும்.

டயரில் ஏமாறாதீங்க

பெரிய பெரிய கட்டை போட்ட டயர் பார்க்க பலமாகத் தெரியும். அது சேறு, மணல், கல் பாதைக்கானது. தார் ரோட்டில் 'கர்ர்ர்' என்று சத்தம் போட்டு நம்மைப் பின்னால் இழுக்கும். நாம் போகும் வழியில் முக்கால்வாசி தார் ரோடு என்றால், நடுவில் வழவழப்பாக, ஓரத்தில் மட்டும் கட்டை இருக்கிற டயரைக் கேளுங்க.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். காற்று குறைந்தால் மிதிக்கக் கனமாகும். பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி பஞ்சர் ஆகும். வாரம் ஒரு தடவை காற்றைப் பாருங்க. பைக் மாதிரி வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கில் அடிக்கலாம். ஆனால் அங்கே வேகமாக ஏறும், டயரில் எழுதிய அளவைத் தாண்டாமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

முக்கியமான ஒன்று. 26 இஞ்ச் என்று எழுதிய எல்லா டயரும் ஒன்று இல்லை. எம்.டி.பி. டயரில் 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கும். பழைய லேடீஸ் சைக்கிள் டயரில் 26 x 1 3/8 என்று பின்னமாக எழுதியிருக்கும். இரண்டுக்கும் ரிம் அளவு வேறு. ஒன்றை மற்றதில் போட முடியாது. உங்கள் ஊர்ப் பஞ்சர் கடையில் எந்த அளவு டயர் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுச் சைக்கிள் வாங்கப் போங்க. சீமைக் கருவேல முள் இருக்கிற ஊரில் பஞ்சர் ஆகாமல் இருக்காது!

பிரேக்

மழையிலும் சேற்றிலும் டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கும். இதை மறுக்க முடியாது. ரிம் பிரேக் போட்ட சைக்கிளில் ரிம் நனைந்தால் பிடிமானம் குறையும். மழையில் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும்.

ஆனால் ரிம் பிரேக்கின் கட்டை எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும். மாற்றுவதும் சுலபம். டிஸ்க் பிரேக்கின் பேட் பல ஊர்க் கடைகளில் இருப்பதில்லை. தகடு லேசாக வளைந்தால் உரசிக்கொண்டே இருக்கும். சமதளத்தில் போகிறவருக்கு ரிம் பிரேக் போதும். செங்குத்தான இறக்கம் இருக்கிற மலை ஊரில் டிஸ்க் பிரேக் நல்லது.

எந்த பிரேக்காக இருந்தாலும், விரல் எட்டுகிறதா என்று பாருங்க. நம் கை சின்னது. பல பிரேக் பிடிகளில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதைத் திருப்பினால் பிடி கைக்குப் பக்கத்தில் வரும். கடைக்காரரிடம் சொல்லிச் செய்யச் சொல்லுங்க. முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடிக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

உடம்புக்கு அளவு பார்ப்பது

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். ரவிக்கைக்கு அளவு கொடுக்காமல் தைப்போமா? சைக்கிளும் அப்படித்தான். பிங்க் கலரும் பூப் படமும் போட்டால் அது பெண்களுக்கான சைக்கிள் ஆகிவிடாது. கடையிலேயே இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்க.

1. சீட்டு உயரம்: சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்க. பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். நம்மில் பலர், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்றும்படி சீட்டை இறக்கி வைக்கிறோம். முட்டி வலிக்கு இது ஒரு பெரிய காரணம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகினால் பயம் போய்விடும்.

2. கை எட்டும் தூரம்: ஹேண்டில் பாரைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைப்பாக நீண்டால் சைக்கிள் நீளம் அதிகம். கழுத்தும் தோளும் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். ஐந்தடிக்குக் குறைவான உயரம் உள்ளவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் 24 இஞ்ச் சக்கரம் போட்ட சைக்கிளையும் ஓட்டிப் பாருங்க. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

3. சீட்டு: பஞ்சு மாதிரி மெத்தென்ற சீட்டு கடையில் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் அமுங்கி, வேண்டாத இடத்தில் அழுத்தி மரத்துப்போகும். பெண்களுக்கு இடுப்பு எலும்பு அகலம், அதனால் பின்பக்கம் அகலமாக, ஓரளவு கெட்டியாக இருக்கிற சீட்டுதான் தூரத்துக்கு நல்லது. சீட்டின் மூக்கு மேலே தூக்கி நிற்கக் கூடாது, மட்டமாக இருக்க வேண்டும்.

4. சாமானோடு ஓட்டிப் பார்ப்பது: நீங்கள் தினமும் கொண்டு போகும் எடைக்கு ஒரு மூட்டையைக் கேரியரில் கட்டி ஒரு தெரு சுற்றி வாங்க. வண்டி ஆடுகிறதா, மேட்டில் ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும்.

5. சேலை, துப்பட்டா: கியர் சைக்கிளில் செயின் முழுசாக மூடியிருக்காது. செயினுக்குப் பாதிக் கவராவது இருக்கிறதா, பின்சக்கரத்துக்குத் துணி மாட்டாத வலை போட முடியுமா என்று கேளுங்க. துணி சக்கரத்தில் சிக்கி விழுவது சின்ன விஷயம் இல்லை. சேலை கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் முந்தானையைச் சுற்றி இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கு

விலை ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும். கணக்குக்காக முதல் சைக்கிள் 14,000 ரூபாய், இரண்டாவது 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, குறையும் இருப்புக்கு. 10 தவணை.

முதல் சைக்கிள்: அசல் மாதம் 1,400. முதல் மாத வட்டி 140. முதல் தவணை 1,540. பத்து மாதத்தில் மொத்த வட்டி 770. ஆக மொத்தம் 14,770 ரூபாய்.

இரண்டாவது சைக்கிள்: அசல் மாதம் 900. முதல் மாத வட்டி 90. முதல் தவணை 990. பத்து மாதத்தில் மொத்த வட்டி 495. ஆக மொத்தம் 9,495 ரூபாய்.

வித்தியாசம் 5,275 ரூபாய். இதில் ஒரு பகுதியில் நல்ல பூட்டு, முன் லைட், பின்னால் சிவப்பு லைட், காற்றடிக்கும் பம்பு, கூடுதலாக ஒரு டியூப் எல்லாம் வாங்கலாம். தூரம் போகிறவருக்கு ஷாக்கரை விட இவை அவசியம்.

ஆக, யாருக்கு எது?

தார் ரோடும் மண் ரோடும் கலந்த சமதளத்தில், சாமானோடு, தினம் 10 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு இரண்டாவது சைக்கிள். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

கல்லும் பள்ளமுமான மலைப் பாதையில், அதிகச் சாமான் இல்லாமல் போகிறவர்களுக்கு 21 கியரும் டிஸ்க் பிரேக்கும் உதவும். அவர்களும் முன்னால் மட்டும் ஷாக்கர் இருக்கிற மாடலைப் பார்ப்பது நல்லது. பின்னால் ஷாக்கர் இல்லாவிட்டால் கேரியர் மாட்டலாம், எடையும் குறையும்.

இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வருகிறவர்களுக்கு எம்.டி.பி.யே தேவையில்லை. செயின் முழுக்க மூடிய, கியர் இல்லாத பழைய மாதிரி லேடீஸ் சைக்கிளே போதும்.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: சைக்கிள் ஓட்டினா கர்ப்பப்பை இறங்கிடும்னு சொல்றாங்களே?

பதில்: சைக்கிள் ஓட்டுவதால் கர்ப்பப்பை இறங்குவதில்லை. அடுத்தடுத்த பிரசவம், கஷ்டமான பிரசவம், அதிக எடை தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது போன்றவைதான் காரணம். ஏற்கெனவே கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனவர்கள் மட்டும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுவிட்டு ஓட்டட்டும்.

கேள்வி: எனக்கு 45 வயசாச்சு. ஒரே நாள்ல 12 கிலோமீட்டர் போக முடியுமா அக்கா?

பதில்: ஒரே நாளில் வேண்டாம். முதல் வாரம் 3 கிலோமீட்டர், அடுத்த வாரம் 5, பிறகு 8 என்று ஏற்றுங்க. நிதானமாக மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் போகலாம். கனமான கியரில் முக்கி மிதிக்காமல், லேசான கியரில் சீராகச் சுற்றினால் முட்டி தாங்கும். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

கேள்வி: வாங்கின பிறகு என்ன பார்க்கணும்?

பதில்: முதல் மாதத்தில் போக்ஸ் கம்பியும் பிரேக் ஒயரும் தளரும். வாங்கின கடைக்கே கொண்டு போய் இறுக்கச் சொல்லுங்க. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை செயினைத் துணியால் துடைத்து, எண்ணெய் சொட்டு விட்டு, மீதியைத் துடைத்துவிடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

சைக்கிள் கடன் மனு வந்தால் தொகையை மட்டும் பேசி முடித்துவிடாமல் இதையும் கேளுங்கள்:

• தினம் எத்தனை கிலோமீட்டர்? தார் ரோடா, மண் ரோடா, மேடா?
• என்ன சாமான், எவ்வளவு எடை?
• ஊர்க் கடையில் இந்த சைக்கிளுக்கு டயரும் பிரேக் கட்டையும் கிடைக்குமா?
• உறுப்பினர் நேரில் போய் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாரா?
• தினமும் யார் ஓட்டப் போகிறார்கள்?

கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். சைக்கிள் பில் உறுப்பினர் பெயரில் இருக்கட்டும். ஃபிரேமில் குத்தியிருக்கும் நம்பரைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். திருடு போனால் போலீசில் புகார் கொடுக்க அது உதவும். வீட்டில், "இது யார் வண்டி?" என்ற பேச்சு வந்தாலும் உதவும்.

கடை கண்ணிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பையனையோ வீட்டுக்காரரையோ கூட்டிப் போங்கள், தப்பில்லை. ஆனால் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது நீங்களாக இருக்க வேண்டும். உங்கள் கால் பெடலில் சரியாகப் பதிகிற சைக்கிளுக்குத்தான் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.